1869 ரயில் சுவரொட்டி: நான்கு நாளில் சான் பிரான்சிஸ்கோ நிஜமா?

மைக்கறை:
1869 மே 10, அமெரிக்காவின் குறுக்கே தண்டவாளம் இணைந்த நாள். அதற்கு யூனியன் பசிபிக் ரயில்வே போட்ட சுவரொட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாட்டின் நடுவிலுள்ள ஒமாஹாவிலிருந்து நான்கு நாளுக்குள் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ, கடல் ஆபத்து கிடையாது, ராக்கி மலைப் பயணம் உடம்புக்கு நல்லது, போதாக்குறைக்குத் தங்கம் வெள்ளி தோண்டப் போகிறவர்களுக்குத் தனி அழைப்பு. எழுத்தோ வரிக்கு வரி வேறு, ஒன்று குண்டு, அடுத்தது ஒல்லி. நான்கு நாள் நிஜமா? ரயில்காரர்கள் எதற்குக் கடலை வம்புக்கு இழுக்கிறார்கள்?

பனாமாக்காரன்:
இழுக்காமல் எப்படி, அவர்களுக்குப் போட்டியே கப்பல்தானே. நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியா போக, வசதி உள்ளவர்கள் பனாமா வரை நீராவிக் கப்பல், அங்கே 1855இல் திறந்த ரயிலில் நிலத்தைக் கடந்து, மறுகரையில் பசிபிக் மெயில் கம்பெனிக் கப்பல் என்று போவார்கள். 1857இல் 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற கப்பல் 400க்கும் மேற்பட்ட உயிர்களோடும் ஏகப்பட்ட தங்கத்தோடும் புயலில் மூழ்கியது, 1862இல் 'கோல்டன் கேட்' மெக்சிகோ கரையோரம் எரிந்தது, இரண்டும் இந்த வழியில் ஓடியவைதான். விளம்பரத்தில் கப்பல் பெயரைச் சொல்லவே தேவையில்லை, படிக்கிறவனுக்கே ஞாபகம் வந்துவிடும்.

லெவல்கிராசிங்:
நான்கு நாள் கணக்கு ஒமாஹாவிலிருந்து, சூட்சுமம் அங்கேதான். நியூயார்க்கில் ஏறினால் ஒரு வாரம். தலைப்பில் அட்லாண்டிக் முதல் பசிபிக் வரை ரயில் என்கிறார்கள், ஆனால் ஒமாஹாவில் மிசௌரி ஆற்றுக்குப் பாலம் வந்ததே 1872இல், அதுவரை கிழக்குக் கரையிலுள்ள கவுன்சில் பிளஃப்ஸ் ஊரில் இறங்கிப் படகில் அக்கரை போக வேண்டும். மேற்கு முனையிலும் மே மாதம் தண்டவாளம் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவோடு சரி, அப்புறம் சான் பிரான்சிஸ்கோ வரை ஆற்றில் ஓடும் நீராவிக் கப்பல்தான்! கடலைத் தவிர்த்தார்கள், தண்ணீரைத் தவிர்க்கவில்லை.

மரஎழுத்து:
எழுத்து விஷயம் சொல்கிறேன். அந்தப் பெரிய எழுத்துகளெல்லாம் மரம். அவ்வளவு பெரிதாக ஈயத்தில் வார்த்தால் கனம், செலவு, ஆறும்போது முகமும் சமமாக வராது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மர எழுத்து வெட்டத் தொடங்கிய பிறகு மலிந்துவிட்டது. ஒவ்வொரு வரியும் தாளின் அகலத்தை அடைக்க வேண்டும், அதனால் சின்னச் சொல்லுக்கு அகல எழுத்து, நீளச் சொல்லுக்கு ஒடுக்கமானது, இதுதான் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டரின் கணக்கு. பத்திரிகைகளின் கப்பல் விளம்பரம் இன்னும் வேடிக்கை. அச்சகத்தில் இருக்கும் ஒரே கப்பல் பட அச்சுக் கட்டையையே எந்தக் கப்பலுக்கும் போடுவார்கள்.

மைக்கறை:
அருமை, மூவருக்கும் நன்றி. தங்கம் தோண்டப் போனவர்களுக்கும் சொகுசுப் பெட்டிதானா?

லெவல்கிராசிங்:
எங்கே! அவர்களைப் போல மேற்கே போன குடியேறிகளுக்குத் தனி வண்டி, மரப்பலகை இருக்கை. சரக்கு ரயிலோடு சேர்ந்து, நல்ல வண்டி வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று போகும். நான்கு நாளெல்லாம் அவர்களுக்கு இல்லை.