படுவான்கரையில் மதுபானக்கடையை மூடினால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் பெருகுமா?

படுவான்கரை வாத்தியார்:
இலங்கையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் ஊரில் பாடசாலைக்குப் போகும் வீதியில் இயங்கும் மதுபானக்கடையின் அனுமதிப்பத்திரத்தை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கக் கூடாது என்று மாதர் சங்கத்தினர் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்துள்ளனர். நான் அதை ஆதரிக்கிறேன். பெரும்போக நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில் அந்தக் கடை வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன; உரக்கடைக் கடனும் நுண்கடன் தவணையும் தீருமுன்னரே காசு அங்கே கரைந்துவிடுகிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்திருந்தும், சீருடையை மாற்றிவிட்டு வரும் பையனிடம் அங்கே எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

வாவிக்கரையான்:
வாத்தியார் ஐயாவின் கவலை நியாயமானதே. ஆனால் கடையை மூடினால் குடிப்பவன் வீட்டுக்குப் போகமாட்டான், வாவியோரக் கண்ணாப் பற்றைக்குள் கசிப்புக் காய்ச்சுமிடத்துக்குத்தான் போவான். சீனியையும் ஈஸ்டையும் பீப்பாயில் ஊறவைத்த கோடா அங்கே எப்போதும் தயாராக இருக்கிறது. கசிப்பில் இருக்கும் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கண்ணைப் பறித்துவிடும் என்பதையும் மனுக் கொடுத்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படுவான்கரை வாத்தியார்:
கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்றால், அரசே மதுக்கடை நடத்தும் தமிழ்நாட்டில், கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது எப்படி? கடை இல்லாததால் அவர்கள் அதைக் குடிக்கவில்லை. மலிவாகக் கிடைத்ததால் குடித்தார்கள்.

வாவிக்கரையான்:
விலைதான் காரணம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2022க்குப் பின் மதுவரி பலமுறை ஏறியதும், கூலிக்காரனுக்குச் சாராயம் எட்டாத பொருளாகிவிட்டது. கடையையும் மூடினால் மிச்சமிருப்பவனையும் நாமே கசிப்புக்காரனிடம் அனுப்பிவைத்தவர்களாவோம்.

கல்முனைத் தாதி:
இருவரும் நோயாளியை மறந்து வாதிடுகிறீர்கள். முதலில் ஒரு திருத்தம்: சீனிக் கோடாவில் மெதனோல் மிகக் குறைவாகவே உருவாகும், தொழிற்சாலைப் பாவனைக்கான மதுசாரத்தைக் கலக்கும்போதுதான் பெரும்பாலும் உயிரும் பார்வையும் போகின்றன. அதைவிட எனக்குப் பயம் தருவது, நீண்டகாலம் நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவதாகும். முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன் பின் இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு கட்டிலை விட்டு ஓடுவார்கள். பேய் பிடித்துவிட்டதென்று கோயிலுக்கும் நாட்டு வைத்தியரான பரிகாரியிடமும் கொண்டுபோய்விட்டு, கடைசியில் எங்களிடம் வருவார்கள். வலிப்பைத் தடுக்கும் டயசிபாம் மருந்தும் தயமின் (விட்டமின் B1) ஊசியும் நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலானோர் தப்பிவிடுவர். மூடச் சொல்லும் மனுவில் சிகிச்சையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

படுவான்கரை வாத்தியார்:
இல்லை, தங்கச்சி. கிழமைக்கு ஒருமுறையாவது உளநல வைத்தியர் எங்கள் பிரதேச வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்க்கச் சொல்கிறேன். அதற்காகக் கடையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. எங்கள் மாணவர்களிடையே ஐஸ் என்ற போதைப்பொருள் (மெத்தம்பெட்டமைன்) பற்றிய பேச்சும் வந்துவிட்டது. 5 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்று 2022இல் சட்டத்தைத் திருத்தியவர்கள், அதைவிடப் பல மடங்கு குடும்பங்களைக் கெடுக்கும் சாராயத்துக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் வழங்குகிறார்கள்.

வாவிக்கரையான்:
வைத்தியரைக் கேட்கும் வரிக்கு என் கையெழுத்து உண்டு. கடையை மூடும் வரிக்கு இல்லை. பாடசாலை விடும் நேரத்தில் விற்பனையை நிறுத்தவும், கடையை அந்த வீதியிலிருந்து அகற்றவும் கேட்டுத் தனி மனு எழுதுங்கள், அதில் முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன்.