ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவயதில் இருந்த வீடு: ஜார்ஜியானாவில் இறங்கிப் பார்க்கலாமா?

வழிப்போக்கன்
அடுத்த மாதம் அட்லாண்டாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் போகிறோம். மான்ட்கமரி தாண்டி ஐ-65 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் அலபாமாவில் ஜார்ஜியானா என்று சின்ன ஊர், அமெரிக்க கன்ட்ரி மியூசிக் (கிராமத்து நாட்டுப்பாடலிலிருந்து வளர்ந்த இசை) பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்த வீட்டை அங்கே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் பாட்டு என்றால் உயிர், கூட வருகிறவர்களுக்கு கன்ட்ரி மியூசிக் என்றாலே கொட்டாவி. மான்ட்கமரியிலும் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறதே, அது போதுமா? ஜார்ஜியானா வீடுதானே அவர் பிறந்த வீடு?

பழைய ரேடியோ
பிறந்த வீடு இல்லை. 1923இல் அவர் பிறந்தது அதே பட்லர் கவுன்டியில் உள்ள மவுன்ட் ஆலிவில். அப்பா லான் மரக் கம்பெனி ரயில்களில் வேலை பார்த்தவர், 1930இல் உடம்பு முடியாமல் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்து பல வருஷம் திரும்பவே இல்லை. அம்மா லில்லி பிள்ளைகளோடு ஜார்ஜியானாவுக்கு வந்தார், வந்த கொஞ்ச நாளில் இருந்த வீடும் எரிந்து போனது. தாடியஸ் ரோஸ் என்ற உள்ளூர்க்காரர் தன் வீடு ஒன்றை வாடகையே வாங்காமல் கொடுத்தார், அதுதான் இப்போது நீங்கள் பார்க்கப்போகும் வீடு. லில்லி அதை போர்டிங் ஹவுஸாக நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார், பையன் தெருவில் வேர்க்கடலை விற்றான், ஷூ பாலிஷ் போட்டான். 1930களின் நடுவிலேயே கிரீன்வில்லுக்கும் 1937இல் மான்ட்கமரிக்கும் போய்விட்டார்கள், அதனால் இங்கே இருந்தது சில வருஷம்தான்.

ஆனாலும் இறங்குங்கள். தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு, தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பையன் புகுந்து உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும், அங்கே உட்கார்ந்துதான் கிட்டார் பழகினான் என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் போஸ்டர், ரெக்கார்டு எல்லாம் வேறு எங்கும் பார்க்கலாம். குனிந்து அந்த அடிப்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே ரயில் பாதை, அவர் பாட்டில் ஏன் இத்தனை ரயில் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தனிக்குரல்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொட்டாவி விடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டு அடிப்பக்கத்தைக் காட்டினால் மிச்சப் பயணம் முழுக்க பேச்சு வாங்குவீர்கள். மான்ட்கமரியில் அந்த 1952 காடிலாக் கார் நிற்கிறது, 1953 ஜனவரி 1 அன்று அதன் பின் சீட்டில்தான் உயிரிழந்து கிடந்தார், வயது 29. கல்லறையும் அங்கேதான். ரேடியோக் கதை தொடங்குவதும் அதே ஊரில்தான், பதின்ம வயதில் டபிள்யூஎஸ்எஃப்ஏ நிலையத்தில் பாட ஆரம்பித்த பையன் 1948இல் லூசியானா ஹேரைடு, 1949 ஜூனில் கிராண்ட் ஓல் ஓப்ரி என்று பெரிய கன்ட்ரி ரேடியோ நிகழ்ச்சிகளுக்குப் போனான். 1951இல் மாவுக் கம்பெனி ஒன்றுக்காகக் காலையில் கால் மணி நேர நிகழ்ச்சிகள் செய்தார், 'மதர்ஸ் பெஸ்ட்' என்று தேடுங்கள். அந்தப் பதிவுத் தட்டுகளை நிலையத்திலேயே குப்பை என்று ஒதுக்கிவிட்டார்கள், யாரோ பொறுக்கி எடுத்து வைத்ததால் தப்பித்தது. நடுவில் சிரித்துப் பேசுவதைக் கேட்டால் அந்தக் காருக்குள் இறந்து கிடந்தவர் இவர்தானா என்று இருக்கும்.

மழைக்காகிதம்
ரெண்டு பேரும் டீ-டாட்டை விட்டுவிட்டீர்களே! அசல் பெயர் ரூஃபஸ் பெய்ன், கறுப்பினத் தெருப்பாடகர், ஜார்ஜியானா கிரீன்வில் பக்கமெல்லாம் கிட்டாரோடு சுற்றியவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் சாப்பிட முடியாத காலத்து அலபாமாவில் இந்தப் பையன் அவர் பின்னாலேயே போய்க் கற்றுக்கொண்டான், கூலி என்று பார்த்தால் கொஞ்சம் சில்லறை, லில்லி போட்ட சாப்பாடு. பெரிய ஆளான பிறகும் தன் இசைப் பயிற்சி எல்லாம் அவரிடம் பெற்றதுதான் என்று ஹாங்க் மறைக்காமல் சொன்னார். பெய்ன் குரல் ஒரு தட்டில்கூடப் பதிவாகவில்லை, 1939இல் மான்ட்கமரியில் இறந்தார். காரை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், என்னைக் கேட்டால் ஹாங்கின் பாட்டில் கேட்கிற ப்ளூஸ் (கறுப்பின மக்களின் சோக இசை) எங்கிருந்து வந்தது என்று தெரிய ஜார்ஜியானாவில்தான் இறங்க வேண்டும்.

வழிப்போக்கன்
இது நல்லா இருக்கு, கூட வருகிறவர்களில் ஒருத்தர் வரலாற்றுப் பைத்தியம், அவரிடம் பெய்ன் கதையைச் சொல்லி மற்றவர்களை மடக்கிவிடுவேன். காடிலாக் நிற்கிற மான்ட்கமரி மியூசியம் முதல் நாள், ஜார்ஜியானா வீடு மறுநாள் காலை. ஆர்க்கன்சாவில் டயஸ் ஊரில் இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் சிறுவயதில் இருந்த வீடும் இதே மாதிரியா?

பழைய ரேடியோ
வேறு மாதிரி. அது பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசாங்கம் ஏழை விவசாயிகளுக்காக 1934இல் உருவாக்கிய குடியிருப்பு, ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக. ஆர்க்கன்சா ஸ்டேட் பல்கலைக்கழகம் சரிசெய்து 2014இல் திறந்தது. உங்கள் வழியில் வராது, மெம்ஃபிஸ் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியானா சின்ன ஊர், கிளம்பும் முன் ஒரு போன் போட்டு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.