நட்சத்திரக் குறி போட்டால் எல்எஸ் ஒன்றுமே காட்டவில்லை

கேள்வி:
வணக்கம். புயல்களின் செயற்கைக்கோள் படங்களை வைத்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். 2022 செப்டம்பர் 28 அன்று ஃப்ளோரிடாவில் கரையைக் கடந்த இயன் புயலின் படங்கள் வேண்டும். அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவா, தன் கோஸ்-16 செயற்கைக்கோளின் படங்களை அமேசானின் எஸ்3 இணையச் சேமிப்பகத்தில் ‘நோவா-கோஸ்16’ என்ற பக்கெட்டில் (சேமிப்புத் தொகுப்பில்) எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் அமேசானின் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால் முதலில் கிரெடென்ஷியல்ஸ் (கணக்குச் சான்று) இல்லை என்றது. கணக்கு இல்லாமலே கேட்கும் நோ-சைன்-ரெக்வெஸ்ட் ஆப்ஷனைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் 2022/09/28 என்று போனாலும், எதுவானாலும் பொருந்தட்டும் என்று கடைசியில் நட்சத்திரம் (*) போட்டாலும் ஒரு வரிகூட வருவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும் ரெக்கர்சிவ் ஆப்ஷனைப் போட்டேன், அரை மணி நேரம் ஓடியும் முடியாமல் நிறுத்திவிட்டேன். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை, டேட்டா தீர்ந்துவிடுகிறது.

பதில் 1:
அந்தப் பக்கெட்டில் மாதமே கிடையாது. ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், அப்புறம் யுடிசி (உலகப் பொது நேரம்) மணி. செப்டம்பர் 28 என்பது 271.

பதில் 2:
நாளை மேலே சொல்லிவிட்டார்கள். நட்சத்திரத்துக்கு வருகிறேன், இதில் நானும் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருக்கிறேன். எஸ்3-இல் ஃபோல்டர் என்று ஒன்று இல்லை. சாய்கோடுகளோடு சேர்ந்த அந்த நீளப் பாதை முழுவதும் கோப்பின் பெயர்தான். எல்எஸ் அந்தப் பெயரின் தொடக்கம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். நட்சத்திரத்தையும் ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் நட்சத்திரம் வைக்க நினைக்கும் இடத்தில் அப்படியே நிறுத்திவிடுங்கள். 2022/27 என்று நிறுத்தினால் 270 முதல் 279 வரை பிஆர்இ (ப்ரீஃபிக்ஸ், அதாவது பெயரின் முன்பகுதி) என்ற அடையாளத்தோடு வரும். 271 என்று நிறுத்தினால் ‘பிஆர்இ 271/’ என்ற ஒரே வரி. உள்ளே போகக் கடைசிச் சாய்கோடு கட்டாயம்.

இயன் கரையைத் தொட்டது யுடிசி 19:05-க்கு. ஏபிஐ-எல்2-சிஎம்ஐபிஎஃப்/2022/271/19/ என்று கொடுங்கள், முதல் பகுதி பூமியின் முழு வட்டமும் தெரியும் பட வகையின் பெயர். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், 16 சானல் (ஒளி அலைவரிசை), சானலுக்கு ஒரு கோப்பு. ஆக ஒரு மணிக்கு 96 கோப்புகள். மேகத்துக்கு 13ஆம் சானல் போதும், கோப்புப் பெயரை எம்6சி13 (சி13 என்பது சானல் 13) வரை எழுதி நிறுத்துங்கள்.

ரெக்கர்சிவ் ஏன் முடியவில்லை தெரியுமா? ஒரு தடவைக்கு 1000 பெயர்தான் வரும். இந்த ஒரு வகைப் படமே ஆண்டுக்கு எட்டு லட்சத்தைத் தாண்டும். இறக்கும் முன் எல்எஸ்ஸோடு ஹியூமன்-ரீடபிள், சம்மரைஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்து மொத்த அளவைப் பாருங்கள். 2ஆம் சானலை ஹாட்ஸ்பாட்டில் தொடவே வேண்டாம், அரை கிலோமீட்டர் துல்லியம், கோப்பு மிகப் பெரியது.

கேட்டவர்:
ஆறே வரி வந்தது அண்ணா! மிக்க நன்றி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் கோப்புப் பெயருக்கு முன்னால் உள்ள தேதி 29 என்கிறதே?

பதில் 2:
அது கோப்பு பக்கெட்டில் ஏறிய நேரம், அதுவும் உங்கள் கணினியின் இந்திய நேரத்தில். படம் எடுக்கத் தொடங்கிய நேரம் பெயரிலேயே ‘எஸ்’ எழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. 20222711900 (2022, 271ஆம் நாள், 19:00) என்று தொடங்குவதை எடுங்கள், கரையைத் தொட்ட நிமிடம் அதில்தான்.