“எலுமிச்சம்பழம் வெச்ச மந்திரிதானே?” – வெளிநாட்டு ஆபீசருக்கு என்ன பதில் சொல்றதுங்க?

வெலிங்டன் டெய்லர்:
ராணுவ ஆபீசர்கள் படிக்கற வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் பக்கத்துல 20 வருஷமா தையல் கடை வெச்சிருக்கேனுங்க. ஜூன்ல புது கோர்ஸ் தொடங்கினா வெளிநாட்டு ஆபீசர்களும் வருவாங்க. போன வாரம் ஆப்பிரிக்க மேஜர் ஒருத்தர் பேண்ட் உயரம் குறைக்க வந்தார். நான் கீழ உக்காந்து சாக்பீஸ் கோடு போட்டுட்டு இருக்கேன், மேல இருந்து கேக்கறார்: “போர் விமானத்துச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாரே, அவர்தானே உங்க மந்திரி?” வாய் நிறைய குண்டூசி. தலையை மட்டும் ஆட்டினேன்.

ராஜ்நாத் சிங் 2019ல இருந்து பாதுகாப்புத் துறையைப் பார்க்கறார். அவங்க ஊர்ப் பேப்பர்ல வந்தது அந்த ஒரே போட்டோதானாம். எல்லா மந்திரிக்கும் இதே கதிதானா?

அருவங்காடு ரிட்டயர்டு:
தம்பி, இது பழைய கதை. அப்ப பாதுகாப்பு மந்திரியா இருந்த கிருஷ்ண மேனனை 1962 பிப்ரவரியில டைம் பத்திரிகை அட்டையிலயே போட்டாங்க. அவ்வளவு பேர், அவ்வளவு வெறுப்பு. அக்டோபர்ல சீனப் போர், நவம்பர்ல பதவி போச்சு. எங்கப்பா அப்ப இங்க கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில இருந்தார், சாகற வரைக்கும் மேனன் பேரை எடுத்தா வீட்ல சண்டைதான்.

மதுரையில பிறந்த நிர்மலா சீதாராமனைப் பாருங்க. பாதுகாப்பு மந்திரியா 2017 அக்டோபர்ல சீன எல்லையில இருக்கற நாதுலா போய் சீனச் சிப்பாய்களுக்கு ‘நமஸ்தே’ சொல்லிக்கொடுத்தார். டோக்லாம்ல ரெண்டு நாட்டு ராணுவமும் 73 நாள் முறைச்சுக்கிட்டு நின்னு முடிஞ்ச கொஞ்ச நாள்லதான் இது. அந்த வீடியோ சீனாவுலயும் ஓடுச்சு. துறையில அவர் வேற என்ன செஞ்சார்னு அங்க கேட்டா யாருக்குத் தெரியும்?

பர்லியார் லோடு:
எலுமிச்சம்பழத்துல என்ன தப்புங்கண்ணா? புது வண்டி எடுத்தா நசுக்காம எவன் மலை ஏறுவான்? அன்னிக்கு விஜயதசமி வேற. பிரான்ஸ்ல மெரிஞாக்குல ரஃபேல் போர் விமானம் வாங்கப் போனவர் ‘ஓம்’ எழுதி, தேங்காய் வெச்சார். அந்த ஒப்பந்தத்துல மொத்தம் 36 விமானம் வாங்கினோம், பேச்செல்லாம் ரெண்டு பழத்தப் பத்தி!

வெலிங்டன் டெய்லர்:
நன்றிங்க. படிச்சதும் 2021 டிசம்பர் 8 ஞாபகம் வந்துருச்சு. குன்னூர் பக்கத்துல நஞ்சப்பசத்திரத்துல ராணுவ ஹெலிகாப்டர் விழுந்த அன்னிக்கு சாயங்காலம் துபாய்ல இருந்து மச்சான் போன்: “மாமா, டிஃபென்ஸ் மினிஸ்டர் செத்துட்டாராமே?” அங்க செய்தியில ‘டிஃபென்ஸ் சீஃப்’னு போட்டிருக்காங்க, இவன் மந்திரின்னு எடுத்துக்கிட்டான். போனது முப்படைத் தளபதி ஜெனரல் ராவத்துடான்னு சொல்லிப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

மறுநாள் மந்திரி பார்லிமெண்டுல நேரம் நேரமா வாசிச்சார். 11.48க்கு சூலூர்ல கிளம்புச்சு. 12.08க்குத் தொடர்பு போச்சு. 12.15க்கு வெலிங்டன்ல இறங்கியிருக்கணும். காலேஜ்ல ராவத் பேசறார்னு காத்திருந்த பசங்கள்ல எத்தனை பேர் யூனிஃபார்ம்ல நான் தெச்ச பட்டன் இருந்திருக்கும்! ராஜ்நாத் சிங்னா எனக்கு அந்த மூணு நேரம்தான் முதல்ல ஞாபகம் வரும்.

பேண்ட் சனிக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கேன். மேஜர் வந்தா இதைச் சொல்லணும். எலுமிச்சம்பழத்துக்குத் தனியா விளக்கம் வேண்டாம், என் மிஷின்ல போன ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் இன்னும் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, காட்டிடறேன்.