நாலு வயது மகளும் எங்கள் பேகன் வழிபாடும்

கேள்வி:
நானும் கணவரும் இயற்கையை வழிபடும் பேகன் வழியில் இருக்கிறோம். பருவங்களை ஒட்டி வரும் ஆண்டுச் சக்கரத்தின் 8 பண்டிகைகளையும் கொண்டாடுகிறோம். போன யூல் (குளிர்காலப் பண்டிகை) இரவில் சடங்கு நீண்டுவிட, மகள் பாதியில் அழுது பீடத்து மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டாள். அக்டோபர் 31 அன்று சவின், இறந்தவர்களை நினைக்கும் பண்டிகை. இறந்துபோன என் அம்மாவை நினைத்து விளக்கேற்ற ஆசை. 4 வயதில் மரணத்தைப் பற்றிப் பேசலாமா?

பதில்:
பேசலாம் தோழி. "பாட்டி தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லித்தான் என் மகன் பல இரவுகள் தூங்கவே பயந்தான். பாட்டியின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், ஆனால் நாம் நினைத்துக்கொள்ளலாம் என்று நேராகவே சொல்லுங்கள். அதே கேள்வியைப் பத்து முறை கேட்பாள், பத்து முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். பாட்டியின் படத்தை அவளே பீடத்தில் வைக்கட்டும்.

இன்னொரு பதில்:
எங்கள் வீட்டில் சடங்கு 5 நிமிடம்தான். பிள்ளைகளுக்கெனத் தாழ்வாக ஒரு பீடம்: இறகு, கூழாங்கல், பேட்டரி விளக்கு. நெருப்பும் மூலிகை எண்ணெயும் எட்டாத உயரத்தில்.

கேட்டவர்:
சரி, தாழ்வான பீடம் இன்றைக்கே தயார். அவள் பொறுக்கி வைத்திருக்கும் நத்தை ஓடுகளுக்கும் இடம் கிடைத்துவிட்டது.