குடியேற்றக் கொள்கை விவாதம்: வகுப்பில் எப்படி நடத்துவது?

குடிமையியல் டீச்சர்:
பதினொன்றாம் வகுப்பில் 'வெளிநாட்டவரைக் குடியேற விடலாமா, கூடாதா' என்று இரண்டு அணி பிரித்து விவாதம் வைத்தேன். பத்தே நிமிடத்தில் கூச்சலாகிவிட்டது. பெற்றோருடன் வேறு நாட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, மணி அடிக்கும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மனதை உறுத்துகிறது. அடுத்த முறை பிள்ளைகளையே ஒரு கொள்கை எழுதச் சொல்லலாமென்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

வரலாறு வாத்தியார்:
டீச்சர், அந்தத் தலைப்பையே தூக்கிவிடுங்கள். யாரை, எத்தனை பேரை, எந்த வரிசையில் என்று கேளுங்கள். நான் ஒவ்வொரு குழுவுக்கும் 100 புள்ளி கொடுத்து, எந்தத் தகுதிக்கு எவ்வளவு என்று பங்கிடச் சொல்வேன். தேர்ச்சி எல்லையும் அவர்களே வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு விண்ணப்பதாரர் உள்ள எட்டு அட்டைகள்: முப்பது வயதுச் செவிலியர், மகனோடு சேர்ந்து வாழ விரும்பும் அறுபது வயதுத் தாய், பட்டம் இல்லாத கைதேர்ந்த தச்சர், இப்படி. தாங்கள் போட்ட கணக்கிலேயே அந்தத் தாய் தோற்றுப்போனதும் வகுப்பு அடங்கிவிடும். 'குடும்பத்துக்குத் தனி வழி வேண்டும் சார்' என்று யாராவது எழுந்திருப்பார்கள். எனக்கு வேண்டியது அந்த நிமிடம்தான்.

அப்புறம் கனடா 1967-இல் கொண்டுவந்த குடியேற்றப் புள்ளி அட்டவணையைக் காட்டுங்கள். அதிலும் மொத்தம் 100, தேர்ச்சிக்கு 50. கல்விக்கு அதிகபட்சம் 20, வயதுக்கு 10, உறவினர் இருந்தால் 5. அதிகாரி நேரில் பார்த்துப் போடும் மதிப்பீட்டுக்கு 15! 'அவருக்கு என்னைப் பிடிக்கலன்னா?' என்று ஒரு பையன் கேட்டான். முழுப் பீரியடும் அதிலேயே போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாணவியிடம் மட்டும் 'உன் அனுபவத்தைச் சொல்' என்று கேட்காதீர்கள். யார் எந்த அட்டைக்காகப் பேசுவது என்பதைக் குலுக்கிப் போடுங்கள். அட்டைக்குப் பின்னால் அவளுக்கும் பேச இடம் கிடைக்கும்.

சட்டம் படித்தவள்:
அகதியின் அட்டையை அந்த எட்டோடு கலக்காதீர்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவுப்படி, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கே புள்ளிக்கு வேலையே இல்லை. நான் ஒருமுறை கலந்துவிட்டேன். உயிர் தப்பி வந்தவரைப் 'புள்ளி போதாது' என்று பிள்ளைகள் திருப்பி அனுப்பினார்கள். தவறு என்னுடையது. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லித் திருத்தினேன்.

இன்னொன்று, அமெரிக்காவின் நாட்டு உச்சவரம்பு. குடும்பம், வேலை ஆகியவற்றுக்கான ஆண்டு ஒதுக்கீட்டு நிரந்தர வசிப்புரிமை அட்டைகளில் (கிரீன் கார்டு) பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதிகம் பேர் விண்ணப்பிக்கும் இந்தியா போன்ற நாட்டவருக்கு வரிசை பல வருடம் நீள்கிறது. இது நியாயமா என்று கேட்டுப் பாருங்கள்.

குடிமையியல் டீச்சர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்றிரவே அட்டைகளை எழுதுகிறேன், அகதிக்குத் தனி வகுப்பு. எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு இடம் என்று சொல்லிவிடலாமா?

வரலாறு வாத்தியார்:
முதல் சுற்றில் வேண்டாம், தேர்ச்சி எல்லையே போதும். இரண்டாம் சுற்றில் மூன்று இடம் என்று சொல்லுங்கள். நான்கு கொடுத்தால் சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறார்கள்.