சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்து வரும் காமிக்ஸ்: சின்னப் பிள்ளைகளுக்கு எதை வாங்கலாம்?

சிப்புட் அம்மா:
வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில், எஸ்டேட்டை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மகள் ஒன்றாம் ஆண்டு. அவனுக்கு பேட்மேன் பைத்தியம், அவளுக்கு ஸ்பைடர்மேன். ஈப்போவில் ஒரு கடையில் பேட்மேன் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், வாங்காமலே வந்துவிட்டேன். பல ஹீரோக்கள் சேர்ந்து வருகிற, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிற புத்தகம் எது? முன்கதை தெரியாமலே புரிய வேண்டும்.

லயத்துப் பையன்:
அக்கா, அப்படிப்பட்ட கதைகளைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன். மாமா டவுனுக்குப் போனால் பழைய புத்தகக் கடையிலிருந்து கைக்குக் கிடைத்ததை அள்ளிவருவார். எல்லாம் உதிரி இதழ்கள். தொடர்கதை என்றால் முதல் பாகம் இருக்கும், அடுத்தது வராது. மனசு கிடந்து தவிக்கும். ஹீரோக்கள் ஜோடி சேரும் இந்தக் கூட்டாளிக் கதைகளில் மட்டும் அந்தக் கவலை கிடையாது. பெரும்பாலும் ஒரு இதழில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். விருந்தாளியாக வரும் ஹீரோ யார், அவருக்கு என்ன சக்தி என்பதையும் வந்தவுடனே சொல்லிவிடுவார்கள். அதிகம் பேருக்குத் தெரியாத ஹீரோவை வாசகரிடம் சேர்க்கவும் பதிப்பாளர்களுக்கு இது நல்ல வழி.

பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 1955இல் தொடங்கியபோது அதில் வந்ததெல்லாம் பழங்கால வீரர்கள் கதை. 1960இல் 28ஆம் இதழில் ஜஸ்டிஸ் லீக் என்ற ஹீரோக்கள் குழு முதன்முதலாக வந்தது. 1963இல், 50ஆம் இதழிலிருந்து, ஜோடி சேர்க்கத் தொடங்கினார்கள். 1967க்குப் பிறகு பேட்மேன்தான் நிரந்தர வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள். 1983இல் 200ஆம் இதழோடு நின்றது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெலில் 1972இலிருந்து 'மார்வெல் டீம்-அப்'. ஸ்பைடர்மேனோடு முதலில் சேர்ந்தது நெருப்பு ஹீரோ ஹியூமன் டார்ச். 1974இல் 'தி திங்' என்கிற ஹீரோ பென் கிரிம்முக்கென்றே ஒரு கூட்டாளி இதழ் வந்தது. கல் உடம்பு, பஞ்சு மனசு. லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்.

இந்தக் கதைகளில் நான் உருகுவது ஒரே இடத்தில்தான். சந்தித்ததும் சந்தேகப்பட்டு மோதுவார்கள், பாதிக் கதையில் உண்மை புரியும், பிறகு தோளோடு தோள் நிற்பார்கள். ஒருவரால் முடியாதது மற்றவரால் முடியும். நல்ல கதையில் பலசாலிக்கும் அந்தச் சின்ன ஹீரோ கட்டாயம் தேவைப்படுவான். அந்தப் பக்கம் வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள் அக்கா!

பழைய இதழ்களில் எழுத்து பொடிசு, வசனமும் அதிகம். அதனால் மகனுக்கு 2009இல் கார்ட்டூனை ஒட்டி வந்த 'பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்' காமிக்ஸ் வாங்குங்கள். மகளுக்கு 2006இல் தொடங்கிய 'மார்வெல் அட்வென்சர்ஸ்: தி அவெஞ்சர்ஸ்'. ஸ்பைடர்மேன், ஹல்க், ஸ்டார்ம் எல்லாரும் ஒரே குழு. பயமுறுத்தாது, நன்றாகச் சிரிக்க வைக்கும்.

செம்பனை அக்கா:
தம்பி சொன்னது சரி. ஆனால் நம்ம ஊர் போபோய்போயை விட்டுவிட்டாரே! 2011இல் டிவியில் கார்ட்டூனாக வந்தது, இப்போது மலாயில் காமிக்ஸும் இருக்கிறது. போபோய்போயின் கூட்டாளிகள் யாயா, யிங், ஃபாங், நம்ம கோபால். பொருளைச் சாப்பாடாக மாற்றுகிற சக்தி கோபாலுக்கு! எங்கள் வீட்டுச் சின்னவன் விளையாடும்போது கோபால் வேஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். பள்ளியில் மலாய் படிக்கிறார்கள், அதனால் தாங்களே வாசித்துவிடுவார்கள்.

சிப்புட் அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. கோபாலை மகனுக்கு ஏற்கெனவே தெரியும். தம்பி, ஆங்கிலப் புத்தகம் மகளுக்குப் புரியுமா?

லயத்துப் பையன்:
தனியாகப் படிக்கக் கஷ்டம்தான். நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் புரட்டுங்கள். ஹல்க் குரலை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள், ஸ்பைடர்மேன் குரல் அவளுக்கு. அதுவும் கஷ்டமாக இருந்தால் 2008இல் வந்த 'டைனி டைட்டன்ஸ்' தேடுங்கள். பேட்மேனின் உதவியாளன் ராபின் குட்டிப் பையனாகவும் அவன் கூட்டாளிகளும் பள்ளிக்கூடம் போகிற கதைகள், வசனம் குறைவு, படத்திலேயே பாதி புரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் பரவாயில்லை, வரிசையாகக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த இதழ் கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.